ரபின்ஹா அல்ல, ஹஃபீஞா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவும் பிரேசிலும் மோதுகின்றன என்றால் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் செய்திக்கு நல்ல இடம் உண்டு. கோல் கணக்கும் நிமிடமும் அட்டை எண்ணிக்கையும் பிசகாமல் வரும். பிசகுவது பெயர்கள்தான். ஆங்கிலச் செய்தி நிறுவனம் தரும் எழுத்துக்கூட்டலை ஆங்கிலச் சொல்லைப் போல வாய்விட்டுப் படித்து, காதில் விழுவதைத் தமிழில் எழுதிவிடுகிறோம். ஸ்பானியம் பேசும் ஒரு நாடும் போர்த்துகீசியம் பேசும் ஒரு நாடும் பெயர் வைப்பதிலும் பெயர் சொல்லி அழைப்பதிலும் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கின்றன என்பது இதனால் வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

2025 மார்ச் 25 அன்று புவெனோஸ் ஐரெஸின் மொனுமெந்தால் அரங்கில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினா 4-1 என வென்றது. 4ஆம் நிமிடம் ஹுலியான் ஆல்வரெஸ், 12ஆம் நிமிடம் என்ஸோ ஃபெர்னாந்தெஸ், 26ஆம் நிமிடம் பிரேசிலுக்காக மதேவுஸ் குஞா, 37ஆம் நிமிடம் அலெக்ஸிஸ் மக்காலிஸ்தெர், 71ஆம் நிமிடம் ஜுலியானோ சிமியோனே. இந்த ஐந்து பெயர்களுக்குள்ளேயே இரண்டு நாடுகளின் குடியேற்ற வரலாறு இருக்கிறது.

முதல் கோல் அடித்தவருக்கும் கடைசி கோல் அடித்தவருக்கும் பெயர் ஒன்றுதான். இலத்தீனில் யூலியானுஸ் என்று இருந்தது ஸ்பானியத்தில் ஹுலியான் ஆனது, இத்தாலியத்தில் ஜுலியானோ ஆனது. ஒரே அர்ஜென்டின அணியில் இரண்டு வடிவங்களும் இருக்கக் காரணம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய பெருங்கூட்டம். மெஸ்ஸி, ஸ்கலோனி, சிமியோனே, தலியாஃபிக்கோ எல்லாம் இத்தாலியக் குடும்பப் பெயர்கள். மக்காலிஸ்தெர் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்த பெயர். என்ஸோ என்பதும் இத்தாலியப் பெயர்தான். ஆனால் ஃபெர்னாந்தெஸுக்கு அது வந்தது ரீவெர் பிளேட் அணியில் கொடிகட்டிப் பறந்த உருகுவே வீரர் என்ஸோ ஃபிரான்செஸ்கோலியின் நினைவாக.

இத்தாலியர்கள் பிரேசிலுக்கும் பெருந்திரளாகப் போனார்கள், குறிப்பாக சாவ் பாவ்லுவுக்கு. அங்குள்ள பல்மெய்ராஸ் கழகத்துக்கு 1942 வரை பலெஸ்த்ரா இத்தாலியா என்றுதான் பெயர். உலகப் போர்க்காலத்தில் மாற்ற வேண்டி வந்தது. அப்படியிருந்தும் பிரேசில் அணிப் பட்டியலில் இத்தாலி ஏன் கண்ணில் படுவதில்லை? சட்டையின் முதுகில் குடும்பப் பெயர் இல்லை என்பதால்தான். அன்று ஆடிய ஹஃபீஞாவின் (நம் பக்கங்களில் 'ரபின்ஹா') முழுப்பெயர் ஹஃபயேல் தியாஸ் பெல்லோலி. பெல்லோலி இத்தாலியப் பெயர். அர்ஜென்டினாவில் பிறந்திருந்தால் பெல்லோலி என்றே அவரை உலகம் அறிந்திருக்கும். பிரேசிலில் பிறந்ததால் 'குட்டி ஹஃபா' ஆனார்.

இந்த வேறுபாட்டை இரண்டு மொழிகளின் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. ஸ்பானியத்தில் அபெஷீதோ என்றால் குடும்பப் பெயர் (அர்ஜென்டின உச்சரிப்பில் சொல்கிறேன்). பிரேசில் போர்த்துகீசியத்தில் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த அபெலீது என்றால் பட்டப்பெயர். மறுபக்கம், ஸ்பானியத்தில் சொப்ரெநோம்ப்ரே என்றால் பட்டப்பெயர். போர்த்துகீசியத்தில் சொப்ரெநோமி என்றால் குடும்பப் பெயர். இரண்டு சொற்களும் எல்லையைத் தாண்டும்போது ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்கின்றன. சட்டையில் எது அச்சாகிறது என்பதும் அப்படியே மாறுகிறது.

பெலேயின் முழுப்பெயர் எட்சன் அராந்தெஸ் தோ நசிமெந்தோ. கஹிஞ்சா என்பது ஒரு சிறு பறவையின் பெயர். ஹிகார்து என்ற பெயர் தம்பியின் வாயில் நுழையாததால் வந்தது ககா. மார்க்கோஸ் என்பவர் சிறியவராக இருந்தால் மர்க்கீஞுஸ். ஃபெலீப்பி பெரியவராக இருந்தால் ஃபெலிப்பாவ். 2002இல் கோப்பை வென்ற பயிற்சியாளர் ஸ்கொலாரியை அந்நாட்டினர் அப்படித்தான் அழைக்கிறார்கள். மைதானத்துக்கு வெளியிலும் இதே வழக்கம்தான். குடியரசுத் தலைவர் லுலா தன் பட்டப்பெயரைச் சட்டப்படியே முழுப்பெயரில் சேர்த்துக்கொண்டவர். அர்ஜென்டினாவிலும் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மெஸ்ஸி 'தெள்ளுப்பூச்சி', தி மரியா 'நூடுல்ஸ்', ஹுலியான் 'சிலந்தி', கோல்காப்பாளர் எமிலியானோ மர்த்தீனெஸ் 'தீபு', அதாவது கார்ட்டூன். ஆனால் அவை ரசிகர் வாயிலும் செய்தித்தாளிலும் நிற்கும், அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறுவது குறைவு. பெரோன், அல்ஃபொன்சீன், மெனெம் என்று தலைவர்களைக் குடும்பப் பெயரால் குறிக்கிற நாடு அது.

தமிழருக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்றே பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்து தந்தையைக் குறிக்கும், ஆளைக் குறிப்பது அவரவர் பெயர்தான். அப்படிப்பட்ட நாமே நெய்மாரை அவர் குடும்பப் பெயரால் 'சான்டோஸ்' என்று எழுதினால், மகனைப் பற்றிய செய்தியில் தந்தை பெயரை எழுதியதாகத்தான் ஆகும்.

ஆகவே, செய்தியில் ஒருவர் பெயரை இரண்டாம் முறை சொல்லும்போது எதை எழுதுவது என்பதற்கு இரு நாடுகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. ஸ்பானிய முழுப்பெயரில் தந்தை வழிப் பெயர் முன்னால், தாய் வழிப் பெயர் கடைசியில் வரும். லியோனெல் அந்த்ரேஸ் மெஸ்ஸி குச்சித்தினி என்பதில் மெஸ்ஸி தந்தை வழி, குச்சித்தினி தாய் வழி. கடைசிச் சொல்லை எடுத்து எழுதினால் ஆளே மாறிவிடும். போர்த்துகீசியத்தில் இது தலைகீழ்: பெலேயின் முழுப்பெயரில் அராந்தெஸ் தாய் வழி, நசிமெந்தோ தந்தை வழி. அங்கே எந்தக் குடும்பப் பெயரையும் தேட வேண்டாம், சட்டையில் உள்ளதை எழுதினால் போதும். ஜூனியொர், ஃபீல்யு, நெத்து ஆகியவை முறையே இளையவர், மகன், பேரன் என்று தலைமுறையைச் சுட்டும் சொற்கள். அவை பெயர் ஆகா. 'ஜூனியர் பந்தைக் கடத்தினார்' என்று எழுதுவது பிழை. வினீசியுஸ் ஜூனியொரை வினீசியுஸ் என்றோ வினி என்றோ எழுதலாம். அர்ஜென்டினப் பெயர்களில் தெ பவுல், தி மரியா என்று இரண்டு சொல்லாக வருபவற்றை வெட்டி 'பால்', 'மரியா' என்று எழுதுவதும் தவறு.

எழுத்துக்கூட்டலிலும் இரண்டு நாடுகளின் போக்கு வேறு. அர்ஜென்டினாவில் 1969இல் வந்த 18,248ஆம் எண் சட்டம் விசித்திரமான பெயர்களையும், ஸ்பானிய வழக்கில் கலக்காத பிறமொழிப் பெயர்களையும் பெரும்பாலும் தடுத்து வைத்திருந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புதான் அதைத் தளர்த்தியது. பிரேசிலில் பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்கும் பெயரை மட்டுமே பதிவாளர் மறுப்பார். ஜொயெலிந்தன், எந்த்ரிக் போன்ற பெயர்கள் அங்கே சகஜமாக இருப்பது அதனால்தான். கே, டபிள்யூ, ஒய் ஆகிய மூன்று எழுத்துகளும் 2009இல்தான் அங்கே முறைப்படி அகரவரிசையில் சேர்ந்தன. பெற்றோரோ அதற்கு எவ்வளவோ முன்பே பிள்ளைகளின் பெயர்களில் அவற்றை எழுதிவந்தார்கள்.

இப்போது ஒலிப்புக்கு வருகிறேன். பிரேசிலியப் பெயர்களுக்குச் சில விதிகள் போதும். என், ஹெச் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது ஞகரம். ஞாயிறு என்று சொல்லும்போது வரும் அதே ஒலி. 'ன்ஹ' என்ற ஒலி போர்த்துகீசியத்தில் இல்லை. எல், ஹெச் சேர்ந்தால் ல்ய: கில்யெர்மி. சொல்லின் முதலில் வரும் ஆர் ஹகரமாகும். அழுத்தம் பெறாத கடைசி ஓ உகரமாகவும் கடைசி எ இகரமாகவும் குறுகும். பிரேசிலின் பெரும்பகுதியில் தி (ti) என்பது ச்சி ஆகவும், தி-யின் மெல்லொலி (di) ஜி ஆகவும் ஒலிக்கும். அசை முடிவில் வரும் லகரம் உகரத்தை ஒட்டியது. அந்நாட்டவர் தம் நாட்டைப் பிரசீவ் என்றும் கால்பந்தை ஃபுச்சிபோவ் என்றும் சொல்வது இதனால். ரொனால்டினோ என்று நாம் எழுதுபவர் அவர்கள் வாயில் ஹொனவ்ஜீஞு.

போர்த்துகீசியத்தின் மூக்கொலி உயிர்கள் ஆங்கிலம் வழியாக வரும்போது முற்றிலும் தொலைந்துவிடுகின்றன. தமிழருக்கு அவை அந்நியம் அல்ல. 'அவன் வந்தான்' என்று பேச்சில் சொல்லிப் பார்த்தால் கடைசி னகரம் தனியாக ஒலிக்காமல் உயிரோடு கலந்து மூக்கு வழியாகப் போவது தெரியும். பிரேசிலில் அன்றாடம் கேட்கும் ஜுவாவ் என்ற பெயரின் இறுதி அப்படிப்பட்டது. அதை 'ஜோவோ' என்று எழுதுவதைவிட ஜுவாவ் என்பது நெருக்கம். 'ஜுவான்' என்று எழுதினால் ஸ்பானிய ஹுவானோடு குழம்பும்.

ஸ்பானியம் இன்னும் எளிது, அதற்குக் காரணம் தமிழின் வல்லின முறையே. அது, பந்து, பத்து என்ற மூன்று சொற்களில் தகரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. உயிர்களுக்கு நடுவே மென்மையாக, நகரத்துக்குப் பின் அழுத்தமாக, இரட்டிக்கும்போது வன்மையாக. ஸ்பானிய டி (D) எழுத்தும் உயிர்களுக்கு நடுவே 'அது' போலவும் என்-னுக்குப் பின் 'பந்து' போலவும்தான் ஒலிக்கிறது. ஆங்கிலம் கற்ற காது மட்டுமே அங்கே டகரத்தைக் கேட்கிறது. மரதோனா, பரேதெஸ் ஆகியவற்றில் உள்ளது தகரம். பந்தில் வரும் ந்த, ஒத்தாமெந்தியில் அப்படியே பொருந்தும். வன்மையான டி (T) ஒலி உயிர்களுக்கு நடுவிலோ ரகர மெய்யை அடுத்தோ வந்தால் இரட்டிக்க வேண்டும்: லவுத்தாரோ, மர்த்தீனெஸ். இரட்டிக்காவிட்டால் வாசகர் மென்மையாகவே படிப்பார். குறியிட்ட உயிரெழுத்து அழுத்தம் பெறும் இடம். அதைத் தமிழில் நெடிலாக்கினால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் அந்தக் குறிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிடுவதால், அணிகளின் சொந்தச் சங்கம் வெளியிடும் பட்டியலைப் பார்த்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

ஜே எழுத்து ஸ்பானியத்தில் ஹ, போர்த்துகீசியத்தில் ஜகரத்தை ஒட்டிய உரசொலி. இரட்டை எல்லும் ஒய்யும் புவெனோஸ் ஐரெஸில் ஷகரம்: பயிற்சியாளர் கஷார்தோ. மற்ற ஸ்பானிய நாடுகள் பெரும்பாலானவற்றில் இது யகரம், ஆகையால் எந்த நாட்டு வீரர் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அன்றைய ஆட்டத்தில் ஒரே பெயர் எதிரெதிர் அணிகளில் இருந்ததையும் கவனிக்கலாம். அர்ஜென்டினாவில் ரொத்ரீகோ தெ பவுல், பிரேசிலில் ஹொத்ரீகு. இரண்டையும் 'ரோட்ரிகோ' என்றே எழுதினால் யார் பந்தை இழந்தார் என்றே வாசகருக்குத் தெரியாது. அதேபோல மரதோனாவின் முதற்பெயர் தியேகோ. அதை 'டியாகோ' என்று எழுதிப் பழகியதால், அன்று அர்ஜென்டினாவுக்காக ஆடிய தியாகோ அல்மாதாவை வேறுபடுத்த இடமில்லாமல் போகிறது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. அர்ஜென்டினா, பிரேசில், பெலே, மெஸ்ஸி, நெய்மார் ஆகியவை தமிழில் ஊன்றிவிட்டன, அவற்றைத் தொட வேண்டாம். ரொனால்டோவையும் விட்டுவிடலாம். புதிதாக வரும் பெயர்களை முதல் நாளே சரியாக எழுதிவிட்டால் பிறகு திருத்தும் தொல்லை இல்லை. பழைய வடிவம் ஓரளவு பரவியிருந்தால், முதல் ஒரு வாரம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அச்சுப் பதிப்பு, இணையப் பதிப்பு, படக்குறிப்பு ஆகிய மூன்றிலும் மூன்று விதமாக வருவதுதான் வாசகரை அதிகம் அலைக்கழிக்கிறது. ஆகவே பட்டியல் ஒன்றாக, ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஐயம் வந்தால் அந்த வீரரே தன் பெயரைச் சொல்லும் காணொளியைக் கேட்பது, எந்த விதியையும்விட நம்பகமானது.

பெயர்களுக்கு அப்பால், ஆட்டச் சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. இரு மொழிகளும் நெருங்கியவை என்பதால், ஒன்றைத் தெரிந்தவர் மற்றதையும் மொழிபெயர்த்துவிடலாம் என்ற துணிச்சல் வரும். பிரேசில் செய்தியில் பிசிக்லேத்தா என்றால் தலைக்கு மேல் கத்திரிபோல் காலை வீசி அடிக்கும் உதை. அர்ஜென்டினச் செய்தியில் அதே சொல், பந்தின் மேல் காலைச் சுழற்றித் தடுப்பாளரை ஏமாற்றும் வித்தை. அந்த உதைக்கு அர்ஜென்டினர் சொல்வது சிலேனா. அந்த வித்தைக்குப் பிரேசிலியர் சொல்வது பெதலாதா. போன்த்தா பிரேசிலில் ஓர ஆட்டக்காரர், பூன்த்தா அர்ஜென்டினாவில் முன்னணித் தாக்குநர். வொலாந்தே அர்ஜென்டினாவில் நடுக்கள ஆட்டக்காரர் எவரும். பிரேசிலில் தடுப்பாட்டத்துக்கு முன்னால் நிற்பவர் மட்டும். அந்தப் பிரேசில் வழக்கு, ஃப்ளமெங்குவில் ஆடிய அர்ஜென்டின வீரர் கார்லோஸ் வொலாந்தேயின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆட்டத்தை இரு நாடுகளும் சொல்லில் ஏற்றுக்கொண்ட விதமும் வேறு. அர்ஜென்டினா காதில் விழுந்ததை விழுந்தபடி பிடித்துக்கொண்டது: ஆஃப்சைடு ஒர்சாய் ஆனது, நடுவர் ரெஃபெரீ ஆனார், கழகங்கள் ரீவெர் பிளேட், போக்கா ஜூனியர்ஸ், நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் என்ற பெயர்களை இன்றும் சுமக்கின்றன. பிரேசில் தன் விகுதியைச் சேர்த்து கோலிலிருந்து கொலேய்ரு என்ற கோல்காப்பாளரை உண்டாக்கியது. கார்னருக்கு எஸ்காந்தேயு என்றும் ஆஃப்சைடுக்கு இம்பெதிமெந்து என்றும் சொந்தச் சொல்லை வைத்தது. இருவருக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போகும் கோலை இரு நாட்டவரும் 'ஒலிம்பிக் கோல்' என்கிறார்கள். 1924 அக்டோபர் 2 அன்று, அப்போதைய ஒலிம்பிக் வாகையரான உருகுவேக்கு எதிராக அர்ஜென்டினாவின் செசாரியோ ஒன்சாரி அப்படி அடித்ததிலிருந்து வந்த பெயர் அது.

கடைசியாக, பேட்டிகள். அர்ஜென்டினர் 'வோஸ்' என்பதும் பிரேசிலியர் 'வொசே' என்பதும் இன்று நீ என்ற பொருளில்தான். இரண்டும் ஒரு காலத்தில் மரியாதைச் சொற்கள். வொசே, 'தங்கள் அருள்' என்ற பொருளுடைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது. அதே தொடரின் ஸ்பானிய வடிவம் தேய்ந்து உஸ்தெத் ஆகி, இன்னும் நீங்கள் என்ற இடத்தில் நிற்கிறது. ஆகவே அர்ஜென்டின வீரர் உஸ்தெத் என்றால் நீங்கள் என்று பெயர்க்க வேண்டும். பிரேசிலியர் வொசே என்றால் சூழலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உண்மையான மரியாதைக்கு அவர்கள் சொல்வது 'உ செஞோர்'. பிரேசில் வீரர் பயிற்சியாளரைப் 'புரொஃபெசோர்' என்று அழைப்பார். அதைப் பேராசிரியர் என்று எழுதுவது அபத்தம், 'சார்' என்றால் பொருந்தும். அர்ஜென்டின வீரர் 'புரொஃபெ' என்றாலோ பெரும்பாலும் அவர் சொல்வது உடற்பயிற்சி அளிப்பவரை, தலைமைப் பயிற்சியாளரை அல்ல. இருவரும் சொன்னதை ஒரே ஆளைப் பற்றிய கூற்றாக எடுத்துக்கொண்டால் செய்தியே மாறிப்போகும்.

இவ்விரு அணிகளும் அடுத்து மோதும் நாளுக்குள் தங்கள் விளையாட்டுப் பிரிவு ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் செய்ய முடியுமானால், 'ன்ஹ' வரும் இடமெல்லாம் ஞகரம் போடுங்கள். ஹஃபீஞா, குஞா, மர்க்கீஞுஸ் மூவரும் அன்றே சரியாகிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஸ்பானியமும் போர்த்துகீசியமும் கற்பிக்கும் தங்கள் வாசகர்